காபி அப்புறம் குடிக்கலாம், மாப்பிள்ளை!

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்பதால் வழக்கம் போல அம்மாக்களிடம் இருந்துதான் கடிதங்கள் வரும் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை கணவன்மாரும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் பக்கம் பக்கமாக. முப்பது வருடத்துக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்தக் காலத்தில் ஆண்களை வார்டு வாசலில்கூட நிற்க விடமாட்டோம், "பார்வை நேரம் முடிஞ்சது, கிளம்புங்க" என்று விரட்டுவோம். அப்படி விரட்டியதில் என் பங்கு கொஞ்சம் அதிகம். பிராயச்சித்தமாக இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

வணக்கம் சிஸ்டர். பையன் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, ஆபரேஷன். மனைவி தாய்வீட்டில், ஒட்டன்சத்திரம் பக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், ஞாயிறு மட்டும்தான் லீவு. போனால் மாமியார் காபி கொடுக்கிறார், டிவி போட்டு விடுகிறார், குழந்தையைக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் காட்டுகிறார், அப்புறம் "பால் குடிக்கிற நேரம் மாப்பிள்ளை" என்று உள்ளே எடுத்துப் போய்விடுகிறார். வாங்கிப்போன ஆப்பிளை நானே தின்றுவிட்டு பஸ் ஏறுகிறேன். பால் கொடுப்பது அவள் வேலை, இதில் நான் என்ன செய்துவிட முடியும்? – பெயர் வேண்டாம், திருப்பூர்.

முதலில் எழுந்து அந்த அறைக்குள் போங்கள் தம்பி. உங்கள் மனைவி, உங்கள் பிள்ளை. மாமியார் சங்கடப்படுவார், உங்களுக்கும் கூச்சமாக இருக்கும், முதல் பத்து நிமிடம் அப்படித்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே வேலை புரிந்துவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அரை மணி என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் நாலிலிருந்து ஆறு மணி நேரம். அதன் பிறகு ஏப்பம் விட வைக்க வேண்டும், நனைத்த துணியை மாற்ற வேண்டும், தூங்க வைக்க வேண்டும், தூங்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. இதை அடிவயிற்றில் தையல் போட்ட ஒருத்தி செய்கிறாள். தமிழ்நாட்டில் 2019-21இல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 ஆபரேஷன்தான், அதனால் இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தையல் இழுக்கிறபோது படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவதே ஒரு மலை. யாராவது தூளியிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் வைத்தால் அவள் குனிய வேண்டியதில்லை. முதுகுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று என்று இரண்டு தலையணை வைத்துக் கொடுங்கள். மடியில் வைத்தால் தையலில் குழந்தை உதைக்கிறது என்றால், குழந்தையின் கால் அவள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். வார்டில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். இரண்டு பேரும் ஒருக்களித்துப் படுத்தபடியும் கொடுக்கலாம்.

பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வையுங்கள். குழந்தை குடிக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தொண்டை வறளும், ஆனால் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அளந்து அளந்து கொடுப்பார்கள். அதில் உண்மை இல்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும். பத்தியச் சாப்பாடும் அப்படித்தான். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், ருசியாகவும் இருக்கும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் பத்தியம் என்ற பேரில் காய், பழம், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரெண்டு வேளை ரசம் சாதம் போட்டால் பால் கொடுக்கிறவள் எதைக் கொண்டு தாக்குப்பிடிப்பாள்? முதல் ஆறு மாதம் அவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் ஊர் ஊட்டச்சத்து விஞ்ஞானிகளே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது இன்னொரு முழுச் சாப்பாடு. அந்த ஆப்பிளை நறுக்கி அவள் வாயில் ஊட்டிவிடுங்கள். வெட்கப்படாமல்.

குடித்து முடித்ததும் குழந்தை உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தாலாட்டுவது, இதெல்லாம் பால் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைகள்.

தனியார் கம்பெனியில் அப்பாவுக்குப் பிரசவ லீவு கொடுக்கச் சொல்லி நம் நாட்டில் சட்டம் இல்லை, மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, உங்களுக்கு ஞாயிறுதான். சரி, அப்படியானால் சனிக்கிழமை ராத்திரியே கிளம்பிப் போய்விடுங்கள். மாமியாரிடம், "அத்தை, நீங்க ஆறு நாளா தூங்கல, இன்னைக்கு ராத்திரி நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மறுப்பார். ரெண்டாவது வாரம் அவரே உங்களுக்குப் பாய் விரித்து வைத்திருப்பார்.

மற்ற ஆறு நாள் போனில் பேசும்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். "பையன் பால் குடிச்சானா?" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அவளிடம் அதைத்தான் கேட்கிறார்கள். "நீ சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்க ஒருத்தர் வேண்டாமா?

சிஸ்டர், மகளுக்கு ஐந்து வாரம். இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறேன். பகலெல்லாம் நன்றாகக் குடிக்கிறாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை விட்டு விட்டு அழுதுகொண்டே பாலுக்குத் தேடுகிறாள். அத்தை "உனக்குப் பால் பத்தலை, எங்க வீட்டுப் பிள்ளை பசியில் கத்துது" என்கிறார். நேற்று இவர் ஆபீசிலிருந்து வரும்போது பால் பவுடர் டின் வாங்கி வந்துவிட்டார். எனக்காகத்தான் வாங்கினார் என்று தெரியும், ஆனாலும் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். – திருநெல்வேலி.

இதற்குப் பதில் உங்கள் கணவருக்கு. பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

தம்பி, நீங்கள் அன்பாக வாங்கியது எனக்கும் புரிகிறது. அவளுக்கு அந்த டின் எப்படித் தெரிந்தது என்றால், 'நீ பெயில்' என்று எழுதிய மார்க் ஷீட் மாதிரி. சாயங்கால நேரத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துப் பால் கேட்பது ரொம்ப சகஜம், அதுவும் முதல் ஆறேழு வாரத்தில். பத்து நிமிடம் குடித்து, ஐந்து நிமிடம் தூங்கி, மறுபடி கத்தி, மறுபடி குடிக்கும். பால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பால் சுரப்பு கடையில் கொள்முதல் பண்ணுகிற மாதிரிதான், எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு சரக்கு வரும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் அடுத்த நாளைக்கு ஊறும். அந்த நேரத்தில் பவுடர் பால் ஊற்றினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்புக்கு ஆர்டர் போகாது, நாளைக்கு உண்மையிலேயே குறையும், நாளன்றைக்கு உங்கள் அம்மா சொன்னது சரியாகிவிடும்.

பால் போதுமா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. துணியை எண்ணுங்கள். பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் நனைத்து, நிறமும் வெளுப்பாக இருந்தால் பால் போகிறது. எடையைப் பாருங்கள். பிறந்த சில நாளில் கொஞ்சம் எடை குறையும், ரெண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஏற வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எடை போட்டுத் தருவார்கள். துணியை எண்ணி, எடையை எழுதி வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். அந்த நோட்டை அம்மாவிடம் காட்டி, "அம்மா, பாருங்க, போன வாரத்தைவிட இவ்வளவு ஏறியிருக்கா" என்று நீங்கள் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது எதிர்வாதம். மகன் சொன்னால் விவரம்.

உங்கள் அம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் 'கொழுகொழு குழந்தை' படம் போட்டு பால் பவுடர் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. 1992இல்தான் தனிச் சட்டம் கொண்டுவந்து குழந்தைப் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று தடுத்தார்கள், 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். நாங்களும் அந்தக் காலத்தில் வார்டில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தவர்கள்தான், இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

ஆறு துணிக்குக் குறைகிறது, எடை ஏறவில்லை, குழந்தை சோர்ந்து பாலுக்கு எழாமலே தூங்குகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். பவுடரோ வேறு வழியோ தேவை என்று அவர் சொன்னால் கொடுக்க வேண்டியதுதான், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு உரைத்தது, இது எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, அபாயம்.

நானும் மனைவியும் சென்னையில் ஐடி. மகனுக்கு மூன்று வாரம். ராத்திரி ஒரு வேளை நான் பாட்டிலில் கொடுத்தால் அவள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கலாமே என்று பார்க்கிறேன். எனக்கும் பிள்ளையோடு ஒரு ஒட்டுதல் வரும். மின்சாரப் பம்ப் ஆர்டர் போட்டாகிவிட்டது. சரிதானே? – வேளச்சேரி.

எண்ணம் நல்ல எண்ணம், அவசரம்தான் கூடாது. முதல் நாலைந்து வாரம் பால் சுரப்பு நிலைப்படும் காலம். பாலை ஊற வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த நேரத்தில் ஆறு மணி நேரம் பால் வெளியேறாமல் இருந்தால் பல பேருக்கு மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், தூக்கம் போய் வலியில் எழுந்து உட்காருவாள். பாட்டிலில் சுலபமாக வருவதைப் பழகிய குழந்தை மார்பில் கஷ்டப்பட்டு உறிஞ்ச அடம்பிடிக்கலாம், எல்லாக் குழந்தையும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

அவளுக்குத் தூக்கம் வேண்டும் என்றால், பாலைத் தவிர ராத்திரி வேலை மொத்தத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அழுகை கேட்டதும் நீங்கள் எழுந்து, துணி மாற்றி, அவள் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள். அவள் படுத்தபடியே கொடுக்கட்டும். அந்த நேரம் நீங்கள் தூங்கிவிடக் கூடாது, அதுதான் இந்த டியூட்டியில் கஷ்டமான பகுதி. முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுங்கள். காலையில் ஆறு மணிப் பாலுக்குப் பிறகு அவளை எட்டரை வரை எழுப்பாதீர்கள். குக்கர் சத்தம் வேறு அறைக்குப் போகாமல் கதவைச் சாத்துங்கள்.

ஒட்டுதலுக்குப் பாட்டில் எதற்கு? சட்டையைக் கழற்றிவிட்டு, டயபரோடு குழந்தையை உங்கள் நெஞ்சில் படுக்க வைத்து மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் கட்டி வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கங்காரு முறை என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். அப்பா நெஞ்சும் அதே சூடுதான். எங்கள் வார்டில் மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் ஒன்றரை கிலோ பெண் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், கொசு கடித்தால்கூட கையை எடுக்க மாட்டார்.

அவள் வேலைக்குத் திரும்புகிற நேரத்தில் உங்கள் பம்புக்கு வேலை இருக்கிறது. முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் லீவு, அதை அடுத்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம் என்று சட்டம் சொல்கிறது. அவள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். எடுத்து வைத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். சென்னையில் ஏசி இல்லாத அறையில் 25 டிகிரி என்பது மார்கழியில்கூட சந்தேகம், அதனால் எடுத்த கையோடு பிரிட்ஜுக்குள். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள், 4 நாள் இருக்கும். மேலே தேதியும் நேரமும் எழுதுங்கள். கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடு பண்ணினால் போதும், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள். பாட்டிலுக்குப் பதில் பாலாடையிலோ சங்கிலோ ஊட்டலாம், உங்கள் பாட்டி உங்களுக்கு ஊட்டியிருப்பார், கேட்டுப் பாருங்கள். மீந்ததை மறுபடி சூடு பண்ணிக் கொடுக்கக் கூடாது. பம்ப் பாகங்களைக் கழுவிக் காய வைப்பது யார் என்று கேட்காதீர்கள்.

ஷார்ஜாவில் இருக்கிறேன். மகள் பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தேன். அடுத்த லீவு எட்டு மாதம் கழித்து. இங்கிருந்து என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. மாதா மாதம் அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கு மனைவி கணக்குக்கு நேராகப் போகட்டும், ஒரு டஜன் முட்டைக்கு அவள் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு ஆள் வைக்க முடிந்தால் நகைச் சீட்டைவிட அது நல்ல செலவு. உங்கள் இரவு பத்து மணி அவளுக்குப் பதினொன்றரை, குழந்தை தூங்கியிருந்தால் அவளும் தூங்கட்டும். 'ஏன் எடுக்கல' என்று கேட்காதீர்கள். வீடியோவில் குழந்தையைக் காட்டச் சொல்லி எழுப்பச் சொல்லவே கூடாது. அப்புறம், உங்கள் அக்கா தங்கை, பெரியம்மா என்று யார் யார் அவளுக்குப் பால் இல்லை என்று பேசுகிறார்களோ அவர்களுக்கு நீங்களே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஷார்ஜாவிலிருந்து வருகிற போனுக்கு நம் ஊரில் மதிப்பு ஜாஸ்தி.

குழந்தைக்கு ரெண்டரை மாதம். மனைவி பிள்ளையைத் தவிர எதையும் கண்டுகொள்வதில்லை. பக்கத்தில் போனாலே எரிந்து விழுகிறாள், சில நாள் காரணமே இல்லாமல் அழுகிறாள். என் மேல் வெறுப்பா? – ஊர் வேண்டாம்.

ரெண்டு விஷயத்தை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி.

தொட்டால் எரிச்சல் வருவது பெரும்பாலும் வெறுப்பு இல்லை. நாள் முழுக்க ஒரு உயிர் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ஒரு மணி நேரம் யார் கையும் படாமல் இருந்தால் போதும் என்று இருக்கும். பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் மாறுவதால் உறவில் நாட்டம் குறையும், வறட்சியும் வலியும்கூட இருக்கும். கேட்டுவிட்டு நெருங்குங்கள், வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட்டுக் காலைப் பிடித்து விடுங்கள். பால் கொடுக்கும்போது கர்ப்பம் தரிக்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

காரணமில்லாத அழுகை வேறு. பிரசவம் ஆகி மூன்றாம் நாள் வாக்கில் வருகிற அழுகை ரெண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்கள் மனைவிக்கு ரெண்டரை மாதம் ஆகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்று சொல்கிறாள் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியம் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. பேய், கண்ணேறு என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்கிற இலவச மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், இன்றைக்கே முதலில் நீங்கள் பேசுங்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்வது போல ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தாலும் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் கொதிக்கிறது, நேற்று ராத்திரி குளிர் ஜுரம். பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். இவர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். – தேனி.

நிற்காமல் ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள். பால் கட்டி, அழற்சி ஆகியிருக்கிறது, டாக்டர் பார்க்க வேண்டும். பாலை நிறுத்தினால் இன்னும் கட்டும். அந்தப் பக்கத்திலும் குழந்தைக்குக் கொடுக்கலாம், அதனால் குழந்தைக்குக் கெடுதி இல்லை. கொடுத்த பிறகு ஈரத்துணியால் குளிர்ச்சியாக ஒற்றிக்கொள்ளுங்கள். போட்டு அழுத்திப் பிசைய வேண்டாம்.

போன வாரம் மதுரையிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் குழந்தை அழ, இவர் "வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கலாம், ஆளுங்க பார்க்கிறாங்க" என்றார். வீடு இன்னும் இரண்டு மணி நேரம். – சிவகாசி.

ரெண்டு மணி நேரம் பசி தாங்க அவரால் முடியுமா என்று கேளுங்கள். ஆட்கள் பார்ப்பதுதான் கவலை என்றால் ஆட்களை மறைத்துக்கொண்டு அவர் நிற்கட்டும், அதற்குத்தானே அத்தனை பெரிய முதுகு. 2015இலிருந்து நம் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. சில இடத்தில் பூட்டியிருக்கும், சில இடத்தில் உள்ளே துடைப்பமும் பக்கெட்டும் கிடக்கும், அதையும் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் குழந்தையோடு ஒரு இடத்தில் உட்காருங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வாங்கிவந்து, பக்கெட்டை வெளியே எடுத்து வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு அவர் உங்களை வந்து கூப்பிடட்டும்.